டீசல் பிக்கப் மைலேஜ்: வண்டி குடிக்கிறதா, கால் குடிக்கிறதா? லோடு வண்டி ஓட்டுநர்கள் டீசலை இழக்கும் இடங்கள்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இருந்து ராத்திரி இரண்டு பிக்கப் வண்டிகள் தக்காளி ஏற்றிக்கொண்டு கோவைக்குக் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே எடை. பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று ரோடும் ஒன்றுதான். ஒரு வண்டி லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தருகிறது. இன்னொன்று 11ஐத் தாண்டவில்லை. இரண்டாவது வண்டியின் ஓனர் அடுத்த நாள் மெக்கானிக்கிடம் போய் "பம்பு போச்சா, நாசில் போச்சா பாருங்க" என்பார். டிரைவர் வைத்து ஓட்டுபவராக இருந்தால், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் 'டீசலை எடுத்து வித்துட்டானோ' என்ற சந்தேகம் வரும்.

பல நேரங்களில் இரண்டுமே காரணம் இல்லை. வித்தியாசம் இருப்பது ஓட்டும் விதத்தில்.

இந்த 2 கிலோமீட்டர் வித்தியாசம் பணமாக எவ்வளவு? ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டம் என்றால் மொத்தம் 3,750 கிலோமீட்டர். லிட்டருக்கு 11 என்றால் 341 லிட்டர் டீசல் வேண்டும். 13 என்றால் 288 லிட்டர் போதும். மிச்சம் 52 லிட்டருக்கு மேல். லிட்டர் 92 ரூபாய் என்று கணக்குப் போட்டால் மாதம் சுமார் 4,800 ரூபாய், வருஷத்துக்கு 57 ஆயிரத்துக்கு மேல். வாடகையை ஏற்ற வியாபாரி ஒத்துக்கொள்ள மாட்டார், டியூ தேதியும் தள்ளிப் போகாது. அப்படி இருக்கும்போது ஓட்டுபவரின் கையில், சரியாகச் சொன்னால் காலில் இருக்கும் ஒரே பணம் இதுதான்.

பொலிரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா, 'குட்டி யானை' என்று நாம் கூப்பிடும் ஏஸின் டீசல் மாடல் என எந்த வண்டியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றேதான். எங்கெங்கே டீசல் போகிறது, எதை மாற்றினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு: ஒரு பிரேக்கின் விலை என்ன?

லோடோடு சேர்த்து 3,000 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் வண்டிக்குள் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 4 லட்சத்து 17 ஆயிரம் ஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் இவ்வளவும் பிரேக் டிரம்மிலும் டிஸ்கிலும் வெறும் சூடாக மாறிக் காற்றில் போய்விடும். மறுபடி 60ஐத் தொட அதே ஆற்றலை எஞ்சின் திரும்ப உண்டாக்க வேண்டும்.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 கோடியே 60 லட்சம் ஜூல் இருக்கிறது. ஆனால் எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் தாண்டி சக்கரத்துக்கு வந்து சேர்வது அதில் கால்வாசியை ஒட்டித்தான். அந்தக் கணக்கில் ஒரு முறை முழுதாக நின்று மறுபடி 60க்குப் போக 40 மில்லிக்கு மேல் டீசல் ஆகிறது. அதாவது ஏறக்குறைய 4 ரூபாய்.

வேகத்தடைக்கும் கிட்டத்தட்ட இதே விலைதான். 60ல் வந்து, கடைசி நேரத்தில் பிரேக் அடித்து 15க்கு இறக்கினால், இருந்த ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வழியில் ஒரு 20 வேகத்தடை, சிக்னல், ஊர் முக்கு இருந்தால் ஒரு நடைக்கு 80 ரூபாய் பிரேக்கிலேயே கரைகிறது. வண்டி 80ல் வந்து நின்றால் ஒரு பிரேக்குக்கு 7 ரூபாய் வரை ஆகும்.

வேகத்தடையை நாம் எடுக்க முடியாது. ஆனால் அதற்கு 150, 200 மீட்டர் முன்னாலேயே ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட முடியும். வண்டி கியரிலேயே இருக்கட்டும், கிளட்சை மிதிக்க வேண்டாம். சேர்த்து வைத்த வேகத்திலேயே அந்தத் தூரம் ஓடிவிடும். அந்த 200 மீட்டருக்கு டீசல் செலவு ஏறக்குறைய பூஜ்யம். இது எப்படி என்பதில்தான் டீசல் வண்டியின் முக்கியமான விஷயம் இருக்கிறது.

காலை எடுத்தால் டீசல் நிற்குமா?

நிற்கும். இப்போது ஓடும் காமன் ரெயில் எஞ்சின்களில் எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதை ஒரு சின்ன கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. வண்டி கியரில் இருந்து, ஆக்சிலேட்டரில் கால் இல்லாமல், எஞ்சின் ஓரளவு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், 'சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது, டீசல் தேவையில்லை' என்று அது சப்ளையை நிறுத்திவிடும். எஞ்சின் வேகம் ஐடிலுக்குப் பக்கத்தில் இறங்கும்போதுதான் திரும்பத் திறக்கும். பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகளிலும் கவர்னர் இதே வேலையைச் செய்தது.

ஆனால் வண்டியை நியூட்ரலில் போட்டால்? சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. எஞ்சின் அணையாமல் இருக்கத் தன் சொந்த டீசலில் ஓட வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். செங்குத்தான இறக்கத்தில் நடப்பது அதற்கு நேர் எதிர். கியரில் இறங்கும் வண்டி டீசலே குடிப்பதில்லை, நியூட்ரலில் இறங்கும் வண்டிதான் குடிக்கிறது.

டீசலை விடுங்கள், உயிர் விஷயம் இருக்கிறது. கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலில் மொத்த எடையும் பிரேக் மேல் விழுகிறது. வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து லைனிங் சூடேறினால், ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் சரக்கு வண்டிகள் கட்டுப்பாட்டை இழந்து முன்னால் போகும் வாகனங்கள் மேல் மோதிய செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு கேரட், உருளைக்கிழங்கு ஏற்றி இறங்கும் வண்டிகளுக்கும், 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைப்பாதையில் தாளவாடியில் இருந்து வரும் வண்டிகளுக்கும் இதே ஆபத்துதான்.

இன்னும் சிலர் சாவியையே அணைத்துவிட்டு இறங்குவார்கள். அப்படிச் செய்தால் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கிடைக்காது. தேங்கியிருக்கும் வேக்கத்தில் ஒன்றிரண்டு முறை பிடிக்கும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகும். சாவியை முழுசாகத் திருப்பினால் ஸ்டியரிங்கே லாக் ஆக வாய்ப்பு உண்டு.

மலையில் பெரியவர்கள் சொல்லும் விதி இன்றைக்கும் சரி: எந்த கியரில் ஏறினாயோ, அந்த கியரில் இறங்கு.

60க்கும் 80க்கும் நடுவே என்ன நடக்கிறது?

காற்று வண்டியைத் தடுக்கும் விசை, வேகத்தின் இருமடிப்படி ஏறும். 60ல் காற்று 1 பங்கு தடுக்கிறது என்றால், 80ல் 1.78 பங்கு. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, காற்றின் தடையோ ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிட்டது. கார் என்றால் மூக்கு சரிவாக இருக்கும். பிக்கப்புக்கு முகமும் நேர், பின்னால் கேபினை விட உயரமாக அடுக்கிய பெட்டியும் நேர். சுவரைத் தள்ளிக்கொண்டு போகிற கதைதான்.

மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், 80ல் போவதை விட 45 முதல் 55 வேகத்தில் போனால் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று நீண்ட காலமாகச் சொல்லிவருகிறது. அது இந்தியக் கார்களில் செய்த சோதனை. பிக்கப்புக்கு அதே எண் அப்படியே வராது. லோடு, ரோடு, வண்டி எல்லாம் பொறுத்து மாறும். ஆனால் திசை அதேதான்.

'மெதுவாப் போனா மார்க்கெட் முடிஞ்சிரும்' என்பார்கள். அதையும் கணக்குப் போடலாம். தடையே இல்லாத 100 கிலோமீட்டர் ரோட்டில் 80ல் போனால் 1 மணி 15 நிமிஷம். 60ல் போனால் 1 மணி 40 நிமிஷம். வித்தியாசம் 25 நிமிஷம். ஆனால் நம்மூர் ரோட்டில் யாரும் 100 கிலோமீட்டரும் 80லேயே போக முடியாது. நடுவில் ஊர்கள், ரவுண்டானா, ரயில்வே கேட், ரோட்டைக் கடக்கும் மாடுகள் எல்லாம் உண்டு. 80ஐப் பிடிப்பதும் பிரேக் அடிப்பதுமாகப் போகிறவர், 60, 65ல் சீராகப் போகிறவரை விட நிஜத்தில் பத்து, பதினைந்து நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தால் பெரிய விஷயம். அந்தப் பத்து நிமிஷத்தை மார்க்கெட் வாசலில் வரிசையில் நின்று கழிப்பதும் நடக்கிறது.

இந்த இடத்தில் ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. 'நாலு மணிக்குள்ள சரக்கு இறங்கணும்' என்று லேட்டாக லோடு ஏற்றிக் கொடுத்துவிட்டு, மைலேஜ் ஏன் குறைந்தது என்று கேட்கும் ஓனர்களும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். அரை மணி நேரம் முன்னாடி லோடு ஏற்றி முடித்தால், அதுவே ஒரு நடைக்கு ஒரு லிட்டர் டீசலுக்குச் சமம் ஆகலாம்.

எந்த கியர், எப்போது?

டீசல் எஞ்சினின் பலமே குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவை. சின்ன டீசல் லோடு வண்டிகளில் பெரும்பாலும் 1,400 முதல் 2,400 ஆர்பிஎம் வரைக்குள் முழு இழுவையும் கிடைத்துவிடும். அதற்கு மேல் எஞ்சினைக் கத்தவிடுவதால் சத்தம்தான் கூடும், லாபம் இல்லை. பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் டீசல் பிக்கப்புக்கு வரும்போது செய்யும் முதல் தப்பு இதுதான். ஒவ்வொரு கியரிலும் கடைசி வரை இழுத்துவிட்டு அப்புறம் மாற்றுவார்கள்.

ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியா? காது போதும். எஞ்சின் சத்தம் உறுமலில் இருந்து கத்தலாக மாறுவதற்கு முன் அடுத்த கியர். சமதளத்தில், வண்டி தாங்குமானால் சீக்கிரமே டாப் கியருக்குப் போய் அதே சீரில் ஓட்டலாம். இன்ட்ரா போன்ற சில வண்டிகளில் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று டேஷ்போர்டிலேயே அம்புக்குறி காட்டும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

எதிர்ப் பக்கத் தப்பும் உண்டு. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று 30 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரிலேயே மேட்டில் இழுக்கவிடுவது. வண்டி உதறும், கியர் லிவர் ஆடும், சைலன்சரில் கறுப்புப் புகை வரும். கறுப்புப் புகை என்றால் முழுசாக எரியாத டீசல், அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல். மேடு ஏற ஆரம்பிக்கும் முன்பே ஒரு கியர் குறைத்து, ஆக்சிலேட்டரைப் பாதி அளவில் வைத்து ஏறுவது, நடு மேட்டில் மூச்சு வாங்கி முதல் கியருக்கு இறங்குவதை விட எவ்வளவோ மேல்.

கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவது இன்னொரு பழக்கம். லேசான அழுத்தத்திலேயே பிளேட் நழுவும். எஞ்சின் சுற்றும் அளவுக்கு சக்கரம் சுற்றாது. டீசலும் போகும், கிளட்ச் பிளேட்டும் போகும். மேட்டில் சிக்னல் விழுந்தால் பாதி கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அதே நஷ்டம். அதற்குத்தான் ஹேண்ட் பிரேக்.

ஆக்சிலேட்டரை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதற்கும் விலை உண்டு. திடீர் வேகம், திடீர் பிரேக், கண்மண் தெரியாத ஓட்டம் என்று ஆக்ரோஷமாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம் வரையும், நின்று நின்று போகும் ஊர் ரோட்டில் 10 முதல் 40 சதவீதம் வரையும் மைலேஜ் குறையலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. மேலே பார்த்த 11க்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் 15 சதவீதம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா ஓடும் எஞ்சின்

நின்ற இடத்தில் ஓடும் பிக்கப் எஞ்சின், அளவைப் பொறுத்து மணிக்கு அரை லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். லோடு ஏற்றும்போது, எடை மேடையில், டீக்கடையில், ரயில்வே கேட்டில் என்று ஒரு நாளில் ஒரு மணி நேரம் இப்படி ஓடினால் மாதம் 12 முதல் 25 லிட்டர் வரை போகும். மைலேஜ் கணக்கில் அந்த டீசலுக்கு ஒரு கிலோமீட்டர் கூட வராது.

ஏன் அணைப்பதில்லை என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லும் உண்மையான காரணம் வேறு: "பேட்டரி வீக்குங்க, ஆஃப் பண்ணா செல்ஃப் எடுக்காது." பேட்டரிக்கு ஆகும் செலவைத் தள்ளிப்போட்டு, அதை விட அதிகமாக டீசலில் கொடுத்துக்கொண்டிருப்பது இது. ஒரு வருஷக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புது பேட்டரி மலிவு.

ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் அணைத்துவிடலாம். திரும்ப ஸ்டார்ட் பண்ண ஆகும் டீசல் சில நொடி ஐடிலில் போவதற்குச் சமம்தான். பத்து, பதினைந்து நொடி சிக்னலுக்கெல்லாம் அணைத்து அணைத்துப் போட வேண்டாம், ஸ்டார்ட்டருக்கும் பேட்டரிக்கும் அது வீண் வேலை.

இதில் ஒரு விதிவிலக்கு டர்போ. மேடு ஏறியோ, லோடோடு வேகமாக ஓடியோ வந்து நின்ற உடனே சாவியைத் திருப்பக் கூடாது. டர்போ கடும் சூட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், ஆயில் சப்ளை நின்றால் பேரிங் கெடும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும். அதேபோல் காலையில் எஞ்சின் சூடாகட்டும் என்று பத்து நிமிஷம் ஓடவிடுவதும் நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை. அரை நிமிஷம் விட்டு, முதல் இரண்டு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் எஞ்சின் இன்னும் சீக்கிரம் சூடாகும்.

பிஎஸ்6 வண்டி என்றால் ஒரு கூடுதல் விஷயம்

2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனைக்கு வந்த டீசல் வண்டிகளில் புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் சைலன்சர் வழியில் இருக்கிறது. கரி நிறைந்ததும் வண்டியே கூடுதல் டீசலைச் செலவழித்து அதை எரித்துச் சுத்தம் செய்யும். இதை ரீஜெனரேஷன் என்கிறார்கள். அந்த நேரத்தில் ஐடில் சற்றுக் கூடலாம், சூடான வாசம் வரலாம், சில வண்டிகளில் விளக்கும் எரியும்.

ஊருக்குள்ளேயே அஞ்சு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர் என்று துண்டு துண்டாக ஓடும் வண்டிகளில் இந்த வேலை பாதியில் நின்றுபோகும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வண்டியை அணைத்தால், செலவான டீசல் வீண். அடுத்த முறை முதலில் இருந்து தொடங்கும். அந்த நேரத்தில் முடிந்தால் பத்து, இருபது நிமிஷம் சீரான வேகத்தில் மெயின் ரோட்டில் ஓட்டி முடித்துவிடுவது நல்லது. வண்டியோடு தரும் புத்தகத்தில் உங்கள் மாடலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும்.

லோடு, தார்ப்பாய், டயர் காத்து

அதிக லோடு ஏற்றினால் மைலேஜ் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் 'ரெண்டு நடையை ஒரே நடையில முடிச்சா டீசல் மிச்சம்தானே' என்ற கேள்வி வரும். ஒரு டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றினால் டீசல் கணக்கு மட்டும் பார்த்தால் அது சரி மாதிரிதான் தோன்றும். டயர், பட்டை, பேரிங், கிளட்ச், பிரேக் என்று பட்டறையில் கொடுப்பதைச் சேர்த்தால் கணக்கு மாறும். பிடிபட்டால், 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194வது பிரிவின்படி 20 ஆயிரம் ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2 ஆயிரம். நாலு மாத டீசல் மிச்சம் ஒரே செக்போஸ்டில் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத லோடும் உண்டு. பின்னால் கிடக்கும் பழைய பெட்டிகள், நனைந்த சாக்கு, எப்போதோ ஏற்றிய கல், வேண்டாத இரும்பு. இறக்கிப் போட்டால் காசு செலவு இல்லாத மிச்சம்.

தார்ப்பாய் விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. கயிறு தளர்ந்து பட படவென்று அடித்துக்கொண்டு போகும் தார்ப்பாய், வண்டிக்குப் பின்னால் கட்டிய குடை மாதிரி. முன்பக்க ஓரம் கேபினோடு ஒட்டி, காற்று உள்ளே புகாதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். லோடை கேபின் உயரத்தைத் தாண்டாமல் பரப்பி அடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. காலி வண்டியாகத் திரும்பும்போது தார்ப்பாயை மடித்து உள்ளே போட்டுவிடலாம்.

டயரில் காற்று குறைவதால் ஆகும் நஷ்டம், வேகத்தால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் சின்னதுதான். நாலு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் 0.2 சதவீதம் போகும் என்பது அதே அமெரிக்கத் துறையின் சராசரி. பத்து பிஎஸ்ஐ குறைந்திருந்தால் 2 சதவீதம். ஆனால் லோடு வண்டியில் காற்றுக் குறைவு டீசலோடு நிற்காது. டயர் சூடேறி நடு ரோட்டில் வெடிப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாரம் ஒரு முறை, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடிக்க வேண்டும். முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வேறு.

பங்கில் சொல்லும் கதைகள்

விடிகாலையில் டீசல் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். பங்கில் டேங்க் நிலத்துக்கு அடியில் இருக்கிறது, பகல் இரவு வெப்ப வித்தியாசம் அங்கே பெரிதாகத் தெரியாது. நள்ளிரவில் போட்டாலும் மத்தியானம் போட்டாலும் உங்கள் பாக்கெட்டுக்கு ஒன்றுதான்.

டீசல் பைப்பில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும், பாட்டில் மருந்து ஊற்றினால் கூடும் என்று விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவ்வளவு சுலபம் என்றால் மைலேஜைச் சொல்லியே வண்டி விற்கும் கம்பெனிகள் இதைத் தாங்களே மாட்டி அனுப்பியிருக்க மாட்டார்களா?

உங்கள் வண்டி நிஜமாக எவ்வளவு தருகிறது?

500 ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் இறங்கும் வரை ஓட்டி, 'பத்துதான் வருது' என்று சொல்வது கணக்கு ஆகாது. முள் காட்டுவதை நம்பி மைலேஜ் சொல்ல முடியாது. சரியான முறை டேங்க் ஃபுல் முறை.

ஒரு பங்கில், முடிந்தால் எப்போதும் அதே பங்கில், அதே மேடையில் வண்டியை நிறுத்தி நாசில் தானாக 'டக்' என்று நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் குலுக்கி ஊற்றச் சொல்ல வேண்டாம். கிலோமீட்டரைக் குறித்துவையுங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த முறையும் அதே இடத்தில் அதேபோல் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவது முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூன்று, நான்கு தடவை எடுத்து, பக்கத்திலேயே எவ்வளவு லோடு, எந்த ரோடு, மழையா என்று இரண்டு வார்த்தை எழுதிவையுங்கள். போன் நோட்ஸே போதும்.

அப்புறம் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதல் இரண்டு டேங்க் வேகத்தை 60, 65க்குள் வைத்துப் பார்க்கலாம். அடுத்த இரண்டு டேங்க் பிரேக்குக்கு முன்னாலேயே காலை எடுக்கும் பழக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் கூடியது என்று தெரியாது, பத்து நாளில் பழைய ஓட்டமே திரும்பிவிடும்.

டிரைவர் வைத்து ஓட்டும் ஓனர்களுக்கு இந்த நோட்டு இன்னும் முக்கியம். கையில் கணக்கு இருந்தால் சந்தேகத்தில் சண்டை வராது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் அதில் பாதி டிரைவருக்கு என்று பேசிவைக்கும் ஓனரிடம், வலது கால் தானாகவே லேசாகும். மொத்த மிச்சமும் ஓனருக்கே போகும் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் நிதானமாக ஓட்டுவார்?

எப்போது பட்டறைக்குப் போக வேண்டும்?

பழக்கத்தால் குறையும் மைலேஜ் திடீரென்று விழாது. நோட்டில் 13, 12.8, 13.1 என்று வந்துகொண்டிருந்த வண்டி ஒரே வாரத்தில் 11க்கு வந்தால் அது வண்டியின் கோளாறு. முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர். செங்கல் சூளை, குவாரி, மண் ரோடு ஓட்டம் என்றால் புத்தகத்தில் சொன்னதை விடச் சீக்கிரமே அடைக்கும். அடுத்தது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது. சமதளத்தில் நியூட்ரலில் நிறுத்திய காலி வண்டியை இரண்டு பேர் தள்ளினால் நகர வேண்டும். நகரவில்லை என்றாலோ, ஓடி வந்து நின்றதும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தாலோ அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டிரம்மைக் கையால் தொட வேண்டாம், சுட்டுவிடும். முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட். தொடர்ந்து கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், டர்போ ஹோஸ். டேங்க்குக்குக் கீழேயோ பைப் இணைப்பிலோ ஈரமும் டீசல் வாசமும் இருந்தால் அது கசிவு, அன்றைக்கே சரி செய்ய வேண்டியது.

மெக்கானிக்கிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். 'மைலேஜ் இல்லைங்க' என்று சொல்வதற்கும், 'எட்டாம் தேதி வரைக்கும் 13, அதுக்கப்புறம் 11, லோடும் ரோடும் அதேதான்' என்று சொல்வதற்கும் பட்டறை பில்லில் நிறைய வித்தியாசம் இருக்கும்.